தீக்கு அஞ்சிய சட்டமும் நுரையீரலுக்கு அஞ்சிய சட்டமும்: கரிசல் சீமையில் பணியிடப் புகைத்தடையின் வரலாறு

பணியிடங்களில் புகைபிடிக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அன்று அமலான மத்திய அரசின் விதிகள்தாம் பொது இடம் என்னும் சொல்லுக்குள் பணியிடத்தையும் வெளிப்படையாகச் சேர்த்தன என்பதால் அக்கருத்தில் பிழை இல்லை. ஆயினும் கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வறண்ட நிலத்தின் தொழில் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், அந்த நாள் ஒரு நெடுங்கதையின் பிற்பகுதியாகவே தோன்றும். பருத்தியையும் தீக்குச்சியையும் நம்பி வாழ்ந்த இந்நிலத்தில் வேலைத்தலத்துப் புகைக்கு விதிக்கப்பட்ட தடை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தது. அத்தடை காக்க முனைந்தது தொழிலாளியின் மூச்சை அன்று, முதலாளியின் சரக்கையும் கட்டடத்தையும், அவற்றோடு சேர்த்தே அவற்றுள் அடைபட்டிருந்த உயிர்களையும். தீக்கு அஞ்சிப் பிறந்த விதியும் நுரையீரலுக்கு அஞ்சிப் பிறந்த விதியும் ஒரே செயலைத் தடுத்தாலும், யாரைப் பொறுப்பாக்குவது, எத்தனை பேர் வேலை செய்யும் இடத்தைக் கணக்கில் கொள்வது என்னும் இரண்டிலும் அவை வேறுபட்டன. அந்த வேறுபாட்டின் விளைவுகளைக் கோவில்பட்டி வட்டாரத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

இந்நிலத்தின் கரிய மண், ஐப்பசி கார்த்திகை மழையை உள்வாங்கித் தை மாசி வரை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்பினது. மானாவாரியாக, அதாவது பாசனமின்றி மழையை மட்டும் நம்பி, பருத்தியும் கம்பும் சோளமும் விளைவதற்கு அந்த ஈரம் போதுமானதாக இருந்தது. கருங்கண்ணி, உப்பம் என்று உழவர்கள் பெயரிட்டழைத்த நாட்டுப் பருத்தி வகைகள் திருநெல்வேலிப் பருத்தி என்ற பொதுப் பெயரில் அயல்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றன. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது கோவில்பட்டி அப்பாதையில் அமைந்த நிலையமாயிற்று. 1901-இல் அங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டது. வயலில் எடுத்த பருத்தியிலிருந்து விதையைப் பிரித்துப் பஞ்சாக்கும் அரவை ஆலைகளும், அப்பஞ்சை அழுத்திப் பொதியாகக் கட்டும் ஆலைகளும் இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் வளர்ந்தன.

பருத்தி அரவை ஆலை தீக்கென்றே அமைந்தது போன்ற இடம். அரவையின்போது பறக்கும் இழைத்தூசு விட்டங்களிலும் சட்டங்களிலும் எந்திரத்தின் இடுக்குகளிலும் மென்படலமாகப் படிந்துகொண்டே இருக்கும். அப்படலத்தின் ஓர் ஓரத்தில் பற்றிய நெருப்பு கண் இமைக்கும் முன் கூரை முழுவதையும் தொட்டுவிடும். பருத்தியோடு கலந்து வந்த சிறு கல்லோ இரும்புத் துண்டோ எந்திரத்தில் உரசித் தெறிக்கும் பொறி ஒன்றே போதுமானதாக இருக்கையில், சுருட்டோ பீடியோ கையில் வைத்திருக்கும் மனிதர் அங்கே நிற்பதை எந்த ஆலைக்காரரும் சகித்திருக்க முடியாது. அழுத்திக் கட்டிய பொதிக்குள் புகுந்த கங்கு வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நெடுநேரம் கனன்று, பிறகு கிடங்கிலோ சரக்கு வண்டியிலோ கிளம்பக் கூடியது என்பதால், அச்சம் ஆலையின் வாசலோடு முடியவில்லை.

இந்த அச்சத்தைச் சட்ட வாசகமாக்கியது 1911-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம். எளிதில் தீப்பற்றும் பொருளுக்கு மிக அருகில் எவரும் புகைபிடிக்கவோ, மூடாத விளக்கைப் பயன்படுத்தவோ கூடாது என்று அது விதித்தது. உற்பத்திக்குத் தேவையான நெருப்பைத் தக்க எச்சரிக்கையோடு பயன்படுத்துவதற்கு மட்டும் விலக்களித்தது. இவ்விதியின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தடையின் எல்லையை வகுப்பது மனிதர் அன்று, பொருள். பஞ்சு இருக்கும் அறையில் புகை குற்றம். பஞ்சு இல்லாத முற்றத்தில் அது குற்றமன்று. அருகில் நிற்பவர் அப்புகையை மூக்கால் இழுத்தாரா என்ற கேள்விக்கு அவ்விதியில் இடமே இல்லை. மேலும் அச்சட்டம் எந்திர விசையால் இயங்கி, பொதுவாக ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே தொழிற்சாலை என்று கொண்டது. ஆகவே நீராவியால் இயங்கிய நூற்பாலைகளும் பெரிய அரவை ஆலைகளும் அதன் வலைக்குள் வந்தன. கைவேலைக் கொட்டகைகள் வரவில்லை.

அதே சட்டம் நெசவு, நூற்பு ஆலைகளில் வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. இவ்வரையறைக்கு முந்திய விவாதத்தில் புகைபிடிப்பு எதிர்பாராத ஒரு பங்கை வகித்தது. 1908-இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தின் முன், இந்தியத் தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் நேரம் முழுவதும் உழைப்பதில்லை, உண்ணவும் குளிக்கவும் புகைக்கவும் அடிக்கடி எந்திரத்தை விட்டு முற்றத்துக்குச் சென்றுவிடுகிறான் என்ற வாதம் ஆலை முதலாளிகள் தரப்பில் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டது. நெடிய வேலை நாளை நியாயப்படுத்தவே அவ்வாதம் பயன்பட்டது. மறுபுறத்தில், விடியலிலிருந்து இருட்டும் வரை நீளும் வேலையை ஒரு மனித உடல் தாங்குவதற்கு அந்த முற்றத்து இடைவெளிகளே வழி செய்தன என்பதையும் அதே சாட்சியங்கள் அறிந்தோ அறியாமலோ காட்டிக்கொடுத்தன. ஹார்வி நிறுவனத்தார் 1880-களில் அம்பாசமுத்திரத்தை அடுத்த பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நிறுவிய ஆலைகளுள் ஒன்றான தூத்துக்குடி கோரல் ஆலையின் தொழிலாளர்கள் 1908-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்புலத்திலும் கூலியோடு ஓய்வைப் பற்றிய கோரிக்கைகள் நின்றன. எனவே ஆலைக்குள் புகைக்கக் கூடாது என்ற விதி தீத்தடுப்பாக மட்டும் வேலை செய்யவில்லை. புகைக்கப் போகிறேன் என்று சொல்லி வெளியேறுவதை மேலாளர் அனுமதிக்கும் ஒன்றாக, அதாவது எண்ணி அளந்து கொடுக்கும் நேரமாக, அது மாற்றியது. 1922-இன் சட்டம் வேலை நேரத்தை நாளுக்குப் பதினொரு மணியாகவும், 1934-இன் சட்டம் நிரந்தர ஆலைகளில் பத்து மணியாகவும், 1948-இன் சட்டம் ஒன்பது மணியாகவும் குறைத்துக்கொண்டே வந்தன. வேலை நேரம் சுருங்கச் சுருங்க, முற்றத்தில் நின்று புகைக்கும் பழைய தளர்வும் சுருங்கியது.

தீக்கு அஞ்சிய சட்டத்துக்கு மற்றொரு மூலமும் உண்டு. இங்கிலாந்தின் 1875-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் 1884-இல் வெடிபொருள் சட்டம் இயற்றப்பட்டது. இந்த மரபில் வந்த விதிகள் வெடிமருந்தைக் கையாளும் கட்டடத்துக்குள் புகைபிடிப்பதைத் தடுத்ததோடு நில்லாமல், நெருப்போ தீக்குச்சியோ உள்ளே நுழையாதபடி பார்த்துக்கொள்ளும் கடமையையும் உரிமையாளர் மீது சுமத்தின. அதற்கான வழிகளாக அவை குறிப்பிட்டவற்றுள் பை வைக்காத வேலை உடை, தக்க காலணி, வாசலில் உடற்சோதனை ஆகியவை அடங்கும். புகைப்பதைத் தடுக்கச் சட்டைப்பையையே தடுத்த இந்தத் தருக்கம், மனிதரின் கட்டுப்பாட்டை நம்பாமல் பொருளின் இன்மையை நம்புவது. சிவகாசியின் பட்டாசு ஆலைகளை ஆளும் விதிகள் இன்றும் இத்தருக்கத்தின் வழியிலேயே செல்கின்றன.

தீப்பெட்டித் தொழில் இந்நிலத்துக்கு வந்தது பருத்திக்குப் பின்னர். 1922-இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்ற பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். ஆண்டின் பெரும்பகுதி மழையின்றிக் காயும் வானம், மருந்து தோய்த்த குச்சியையும் பசை தடவிய பெட்டியையும் வெயிலில் உலர்த்த உதவியது. பருத்தி எடுப்பு முடிந்தபின் வேலையற்றுக் கிடந்த கிராமத்துக் கைகள் குறைந்த கூலிக்குக் கிடைத்தன. கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர், எட்டயபுரம் வரை பரவிய இத்தொழிற்கூடங்களை ஊர்மக்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்றே அழைத்தனர். கூரை வேய்ந்த கொட்டகையாக இருந்தாலும் அது ஆபீஸ்தான்.

அதற்குள்ளேயே தொழிலின் பழைய கொடுமை ஒன்று விலக்கப்பட்டிருந்தது. வெண்பாசுவரம் எனப்படும் நச்சுப் பாசுவரத்தால் செய்த தீக்குச்சி ஐரோப்பியத் தொழிலாளர்களின் தாடையெலும்பை அரித்ததை அடுத்து, 1906-இன் பெர்ன் உடன்படிக்கை அதைத் தடுத்தது. இந்தியாவில் 1913-இல் வெண்பாசுவரத் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. எனவே கரிசல் சீமை கற்றுக்கொண்டது பாதுகாப்புத் தீக்குச்சி என்ற பிற்காலத்து முறையையே. அதில் குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரப் பசையும் கலந்த மருந்து இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் செம்பாசுவரம் கலந்த பூச்சு இருக்கும். இரண்டும் உரசினால்தான் தீ. தனித்தனியே அடங்கியிருக்கும் இவ்விரு மருந்துகளும் ஓரிடத்தில் கலந்து அழுத்தம் பட்டால் வெடிக்கும் என்பதால், ஒன்றைத் தொட்ட கை மற்றொன்றைத் தொடாதிருப்பதும், இரு மருந்துகளையும் வெவ்வேறு அறைகளில் அரைப்பதும் இத்தொழிலின் முதற்பாடமாயின. அங்கே பீடி ஒன்றுதான் ஆபத்து என்று சொல்ல முடியாது. தரையில் இழுபட்ட இரும்புச் சட்டமும், கவனமின்றிக் குவித்த குச்சிச் சட்டங்களும் அதே அளவு ஆபத்தானவை. ஆனால் உரசலை எப்போதும் கண்காணிக்க இயலாத மேற்பார்வையாளருக்குப் பீடியைக் கண்காணிப்பது இயன்றது. புகைத்தடை இத்தனை உறுதியாக நிலைத்ததற்கு அதன் எளிமையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

வியப்பான செய்தி யாதெனில், பீடிக்கும் சிகரெட்டுக்கும் நெருப்பு வழங்கப் புறப்பட்ட இந்தத் தொழிற்கூடங்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் புகைத்தடை நெடுங்காலம் பொருந்தவில்லை. அவை கைவேலைக் கூடங்கள். எந்திர விசை இல்லாதவை. 1922-இன் சட்டம் எண்ணிக்கையை இருபதாகக் குறைத்தபோதும் விசையை அடிப்படையாகவே வைத்திருந்தது. விசையற்ற இடங்களைச் சேர்ப்பது மாகாண அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. 1931-இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம் இத்தகைய கட்டுப்பாடற்ற தொழிற்கூடங்களின் நிலையைத் தனியே எடுத்துப் பேசியது. 1938-இன் சிறார் வேலைச் சட்டம் தீக்குச்சி, வெடிபொருள், பட்டாசு செய்யும் பட்டறைகளில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை அமர்த்தலாகாது என்றது. குடும்பத்தாரே நடத்தும் பட்டறைக்கு விலக்கும் அளித்தது. 1947-இல் சென்னை மாகாணம் விசையில்லாத் தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன் அடுத்த ஆண்டில் வந்த அனைத்திந்தியத் தொழிற்சாலைச் சட்டம், விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்ற வரம்பை நிறுவி, தீப்பற்றும் தூசு, வாயு ஆகியவற்றைப் பற்றியும் தீ முன்னெச்சரிக்கை பற்றியும் தனிப் பிரிவுகள் வகுத்தது. அப்போதுதான் தீப்பெட்டி ஆபீஸ் முறையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டது.

பட்டதும் அது சிறுத்தது. 1934 முதல் தீப்பெட்டிக்கு மத்திய அரசு உற்பத்தி வரி விதித்து வந்தது. பிற்காலத்தில் சிறு உற்பத்தியாளருக்குக் குறைந்த வரி என்ற கொள்கை, ஒரே உரிமையாளர் தம் கூடத்தைப் பல பெயர்களில் பல துண்டுகளாக்கிக் கொள்வதை இலாபகரமாக்கியது. இருபது என்ற வரம்புக்குக் கீழே ஒவ்வொரு துண்டையும் வைத்திருந்தால் தொழிற்சாலைச் சட்டத்தின் ஆய்வாளரும் வரமாட்டார். பெட்டி ஒட்டும் வேலையும் குச்சி அடைக்கும் வேலையும் கிராமத்து வீடுகளுக்கே பிரிந்து சென்றன. இவ்வாறு வரிச்சலுகையும் தொழிலாளர் சட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட இடத்தில், தீத்தடுப்பு விதிகள் முழுவதும் உரிமையாளரின் சொந்த அச்சத்தை நம்பியே நின்றன. அந்த அச்சம் பல ஆபீஸ்களில் வேலை செய்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. சரக்கும் கொட்டகையும் அவருடையவை அல்லவா? ஆனால் அச்சம் சட்டமாகாது. குழந்தைகளும் பெண்களும் நிறைந்த இந்த ஆபீஸ்களின் வாழ்வைக் கோவில்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் பூமணி 1990-களில் கருவேலம் பூக்கள் என்ற திரைப்படமாக எடுத்தார்.

இங்கே ஒரு கேள்வி தவிர்க்க முடியாதது: தடை யாரைத் தடுத்தது? தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவோரும் பெட்டி அடைப்போரும் பெரும்பாலும் பெண்களும் சிறுவர் சிறுமியருமாவர். மருந்து கலக்குவோர், குச்சியை மருந்தில் முக்குவோர், சுமை ஏற்றுவோர், வண்டிக்காரர் ஆகிய சிலரே ஆண்கள். கரிசல் கிராமத்துப் பெண்கள் புகைப்பதைவிட வெற்றிலையோடு புகையிலையை மெல்லுவதே வழக்கமாக இருந்தது. மெல்லும் புகையிலையால் தீப்பற்றாது என்பதால் பழைய விதிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆக, புகைத்தடை எந்த ஆபத்தைக் கருதியதோ அந்த ஆபத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. புகையிலையால் வரும் கேட்டைப் பற்றி அதற்கு அக்கறையே இருக்கவில்லை.

அக்கறை வேறு திசையிலிருந்து வந்தது. 1975-இன் சட்டம் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. 1990-இல் மத்திய அரசு, மருத்துவமனை, கல்வி நிலையம், உள்நாட்டு விமானம், குளிர்சாதன இரயில்பெட்டி முதலியவற்றில் புகைபிடிப்பதை நிர்வாக ஆணையால் தடுத்தது. 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்துப் புகை அருகில் இருப்போரின் வாழ்வுரிமையைப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வழியில் நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. தமிழ்நாடு புகைபிடித்தல், எச்சில் துப்புதல் ஆகியவற்றைத் தடுக்கும் தனிச் சட்டத்தை அடுத்துக் கொண்டுவந்தது. 2003-இல் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2004-இல் இந்தியா ஏற்ற உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, மூடிய பணியிடங்களைப் பெயர் சொல்லியே குறித்தது; அதே ஆண்டு மார்ச்சில் அயர்லாந்து மதுக்கூடங்கள் உள்ளிட்ட எல்லாப் பணியிடங்களிலும் தடை விதித்தபோது, வாடிக்கையாளரின் உரிமையைவிட அங்கே வேலை செய்வோரின் மூச்சே அதன் வாதமாக இருந்தது. அன்புமணி இராமதாசு மத்திய சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் 2008 மே மாதம் வெளியான விதிகள் இவ்வரிசையின் தொடர்ச்சி.

அவ்விதிகளின்படி, பணியிடத்தின் உரிமையாளரோ மேலாளரோ பொறுப்பாளரோ அங்கே எவரும் புகைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். தடையை மீறுவோரைப் பற்றிப் புகார் பெறுபவரின் பெயரை அறிவிக்க வேண்டும். புகைப்பவருக்கு இருநூறு ரூபாய் வரை அபராதம். புகாரைப் பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால், நிகழ்ந்த மீறல்களின் எண்ணிக்கைக்கு ஈடான அபராதம் அவருக்கும் உண்டு. 1911-இன் விதி எவரும் புகைக்கக் கூடாது என்று புகைப்பவரை நோக்கிப் பேசியது. 2008-இன் விதி இடத்தை ஆள்பவரை நோக்கியும் பேசியது. கோவில்பட்டிக்கே உரிய முரண் மற்றொரு வாசகத்தில் இருக்கிறது: சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் முதலியன பொது இடத்தில் வழங்கப்படலாகாது என்று அவ்விதி சொன்னது. வெடிபொருள் விதிகள் தீப்பெட்டியை வெடிக்கும் சரக்கின் எதிரியாகக் கண்டன. சுகாதார விதிகள் அதே பெட்டியைப் புகைபிடிப்பின் துணைக்கருவியாகக் கண்டன. அதைச் செய்து வாழும் ஊர், இரண்டு சட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் உட்பட்டது.

நடைமுறையில் இரண்டும் ஒரே அளவில் பின்பற்றப்படவில்லை. பஞ்சாலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் உள்ளே புகைப்பது முன்பே நின்றிருந்ததால் புதிய விதி அங்கே பெரிதாக எதையும் மாற்றவில்லை. அது மாற்ற வேண்டியிருந்தது அலுவலக அறைகளையும் கடைகளையும் உணவகங்களையும்தான். வெளியே நிற்கும் புகையோ சட்டத்தின் பிடிக்கு அப்பாற்பட்டது, ஏனெனில் 2003-இன் மூலச் சட்டம் திறந்தவெளியைப் பொது இடம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருந்தது. ஆலை வாசலையடுத்த தேநீர்க் கடை பழைய முற்றத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொழிலாளி அன்றாடம் இழுக்கும் மற்றத் துகள்களை எடுத்துக்கொண்டால் சித்திரம் மேலும் சீரற்றது. பருத்தித் தூசால் மூச்சுக்குழல் இறுகும் பிசினோசிஸ் என்னும் நோய், 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. புகைப்பவருக்கு அது கடுமையாகும் என்பதும் அறியப்பட்டது. ஆயினும் புகைக்கு எதிராக எழுதப்பட்ட பலகை ஆலைச் சுவரில் ஏறிய அளவுக்குப் பஞ்சுத் தூசுக்கு எதிரான ஏற்பாடு ஏறவில்லை என்பதே இவ்வரலாற்றைப் படிப்போர் அடையும் எண்ணம்.

தொழிலின் சந்தையும் இதனிடையே மாறியது. ஐம்பது காசிலிருந்து 2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று; மலிவான பிளாஸ்டிக் லைட்டரின் வரவை எதிர்த்துக் கோவில்பட்டி, சிவகாசி உற்பத்தியாளர்கள் முறையிட்டனர்; 2022-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் அதுகுறித்து மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார்; 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. புகைபிடிப்பைக் குறைக்க விரும்பும் அரசு, புகைபிடிப்போரின் கையில் லைட்டருக்குப் பதிலாகத் தீப்பெட்டி இருக்க உதவிய இந்நடவடிக்கையைச் சுகாதாரக் கொள்கையின் அளவுகோலால் மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது. அடுப்பும் விளக்கும் ஊதுவத்தியும் தீக்குச்சியை நம்பும் வீடுகள் இன்னும் ஏராளம்.

2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், தொழிற்சாலை என்பதற்கான வரம்பை விசையுள்ள இடத்துக்கு இருபதாகவும் விசையற்ற இடத்துக்கு நாற்பதாகவும் உயர்த்தியது. 1911-இன் ஐம்பதிலிருந்து படிப்படியாகக் குறைந்துவந்த எண்ணிக்கை மத்தியச் சட்டத்தில் முதன்முறையாக மேல்நோக்கித் திரும்பியது. அபாயகரமான தொழில் என்று அரசு தனியே அறிவித்தால் ஒழிய, முப்பது பேர் கையால் குச்சி அடுக்கும் கூடம் தொழிற்சாலை ஆகாது. புகையிலைச் சட்டத்தின் 2008 விதிகளோ பணியாளரின் எண்ணிக்கையை எங்கும் கேட்கவில்லை. எனவே எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு தீப்பெட்டி ஆபீஸில், மருந்து அறையின் சுவர் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கேட்கச் சட்டத்துக்கு உள்ள உரிமை ஐயத்திற்குரியதாக இருக்கும் நிலையிலும், அங்கே புகைபிடிக்கக் கூடாது என்ற பலகை வாசலில் இருக்கிறதா என்று கேட்க அதற்கு ஐயமற்ற உரிமை இருக்கிறது.